கோதையின் கழுத்துப்பட்டை

அத்தியாயம் பதினான்கு

வீடு பூட்டியிருந்தது. பூட்டின் வளையத்தில் ஒரு வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

நைட் ஷிஃப்ட் முடிந்து, குளித்துவிட்டு, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறியிருந்தேன். சாயங்காலம் என் கொழுந்தியாள் சௌந்தரத்தை மதுரையில் டாக்டரிடம் காட்டுவதாக ஏற்பாடு. கையில் எக்ஸ்ரே உறை. முந்தின நாளே அத்தையிடம் சொல்லியிருந்தேன். "சரி மாப்ள, கெளப்பி வைக்கேன்" என்றாள்.

கிளப்பித்தான் வைத்திருந்தாள். எங்கே என்று தெரியவில்லை.

எதிர்வீட்டு ஸாவித்ரி பால்கோவாப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரைத் தேடுறீக?" என்றாள், தெரிந்துகொண்டே.

"அத்தையை."

"டெம்போல போயிட்டாக. செண்பகத்தோப்புக்கு. கோழி, எலுமிச்சம்பழம் எல்லாம் ஏத்துனாக. மகன் மலைச்சாமிகூட போலீஸ் டேசன்ல லீவு சொல்லிட்டு வந்துருக்கான்." குரலைத் தணித்தாள். "ஒங்ககிட்டச் சொல்லலையா? ஒங்க வீட்டுக்காரிக்குத்தான பூசை."

"என் வீட்டுக்காரி செத்து எட்டு மாசம் ஆச்சு."

"அதான் சொல்றேன்" என்று அடுத்த பெட்டியை எடுத்தாள்.

நான் ஆட்டோ தேடி நடந்தேன்.

கோதை தை மாதம் இறந்தாள். அடுப்படியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல். அதற்கு முன் பல வருடம் அவளுக்கு உடம்பில் ஏதாவது ஒன்று கழன்றுகொண்டே இருந்தது. தோள் நழுவும். முழங்கால் நழுவும். கழுத்து வலிக்கு ரப்பர் பட்டை போட்டிருப்பாள். முதுகுவலியில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். ராஜபாளையத்தில் வாயு என்றார்கள். விருதுநகரில் நரம்புத் தளர்ச்சி என்றார்கள். மதுரை டாக்டர்தான் விளங்கும்படி சொன்னார். எலும்பை எலும்போடு சேர்த்துக் கட்டும் நார் பிறவியிலேயே இளகல். ரத்தக்குழாயின் சுவரும் அதே சரக்குதான். அவர் அதைச் சொல்லி ஒரு மாதத்துக்குள் அவள் போய்விட்டாள்.

இப்போது தங்கை. அதே தோள். அதே முழங்கால். கழுத்து மட்டும் இவளுக்கு அவளைவிட மோசம். தலையைத் தாங்கும் மேல் எலும்புகள் இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று நழுவுகின்றன. அவற்றுக்கு நடுவில் தண்டுவடம். "பட்டை இல்லாம ஒரு நிமிஷம் இருக்கக்கூடாது. ஒரு குலுக்கல் போதும். கை கால் போயிரும், மூச்சும் போயிரலாம்" என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து எலும்புகளைக் கம்பியால் கட்டலாமா என்று பார்க்கத்தான் இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்.

புதுப் பட்டை வர நாளாகும் என்றார்கள். கோதையுடையது என் அலமாரியில் இருந்தது. இறந்தவள் உடம்பில் கிடந்ததை வீட்டில் வைப்பதில்லை. எரிப்பார்கள், அல்லது வண்ணானுக்குப் போய்விடும். சேலைகளெல்லாம் அப்படித்தான் போயின. இதை மட்டும் நான் கொடுக்கவில்லை. எடுத்துவந்து சௌந்தரத்தின் கழுத்தில் மாட்டினேன். அளவு சரியாக இருந்தது.

அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசும்போது என் தோளுக்குப் பின்னால் பார்க்கத் தொடங்கினாள்.

பட்டை மாட்டிய பிறகு சௌந்தரம் கோதையைப் போலவே நின்றாள். தாடையைத் தூக்கிய அதே நிற்பு. திரும்புவதென்றால் முழு உடம்போடு திரும்ப வேண்டும். குரல் கம்மியது. விளக்கு வைக்கும் நேரத்தில் கதவு நிலையில் சாய்ந்து, கழன்ற தோளை உள்ளே தள்ளுவாள். கோதையும் அதே நிலையில்தான் தள்ளுவாள். அத்தை அதைப் பார்த்த அன்று விளக்கேற்றவே இல்லை.

போன வாரம் என்னிடம் கேட்டாள். "மாப்ள, சௌந்தரத்தை ஒங்களுக்கே தந்துரலாம்னு நெனக்கோம். என்ன சொல்றீக?"

அன்றே சௌந்தரம் மயங்கி விழுந்தாள். அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் புருஷனைத் தங்கைக்குப் பேசுவது மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பி.எஸ்ஸி. படித்தவன். மில் ஆய்வுக்கூடத்தில் நூலை இழுத்து பலம் பார்ப்பவன். ஆனால் ஒரு சாயங்காலம் சௌந்தரம் முதுகைக் காட்டி நின்றபோது, "கோதை" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவள் திரும்பினாள். முழு உடம்போடு.

ஆட்டோக்காரன் வனத்துறை கேட்டோடு நின்றுவிட்டான்.

"இதுக்கு மேல வரலை சார்."

"ரோடு இருக்கே."

"ரோடு இருக்கு. உச்சிப்பொழுதும் இருக்குல்ல."

இறங்கி நடந்தேன். மாந்தோப்பில் ஓர் இலை அசையவில்லை. கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருக்கும் மலை அணில்கள் ஒன்றையும் காணோம். நிழல் காலுக்கடியில் கிடந்தது. உடுக்கைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. முன்னால் கேட்டது. மலையில் மோதித் திரும்பிப் பின்னாலும் கேட்டது. ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பிறகு ரப்பர் எரியும் வாடை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனேன்.

ஓடைக்கரையில் புளியமரம். அடிமரம் முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கற்றை முடி. கறுப்பு, செம்பட்டை, நரை. காற்றே இல்லை. அந்த முடிகள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

மலைச்சாமி முன்னால் வந்து மறித்தான். கோதைக்கு அண்ணன். போலீஸ் கான்ஸ்டபிள். காக்கி பேண்ட்டின் மேல் வெறும் பனியன்.

"மாப்ள, இங்கனயே நில்லுங்க."

"சௌந்தரம் எங்கே?"

"நல்லதுக்குத்தான் கூட்டியாந்தோம். செத்த நேரம். முடிஞ்சதும் நேரா மதுரைக்கே போவோம். டாக்டர் பாக்கட்டும், வேண்டாங்கலை. மொதல்ல அவ போகட்டும்."

"எவ?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எந் தங்கச்சிதான் மாப்ள. எனக்கு மட்டும் ஆசையா?"

அவனைத் தாண்டிப் பார்த்தேன். மரத்தடியில் சௌந்தரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கழுத்தில் ஒன்றுமில்லை. பட்டை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"பட்டை?"

மலைச்சாமி தாடையால் காட்டினான். கல்லடுப்பில் சுருண்டு எரிந்துகொண்டிருந்தது. "செத்தவ உடைமை எரியணும்னு கோடாங்கி சொல்லிட்டாரு."

கோடாங்கி சின்னக்கருப்பன் உடுக்கையை அடித்தபடி அவளைச் சுற்றிவந்தார். வயதானவர். குரல் மட்டும் இளமையாக இருந்தது.

"யாரு நீ? பேரைச் சொல்லு. எந்த ஊரு? எதுக்கு வந்த?"

சௌந்தரம் தலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அத்தை அவள் எதிரில் மண்டியிட்டிருந்தாள். "கையை எடு. ஏட்டி, கையை எடுக்கச் சொல்றேன்ல? நீ பிடிச்சுக்கிட்டு இருந்தா அவ எப்படி ஆடுவா?"

"அத்தை! தலையை ஆட்டக்கூடாது. எக்ஸ்ரே இருக்கு என்கிட்ட."

அத்தை திரும்பினாள். கோபம் இல்லை. பாவமாகத்தான் பார்த்தாள்.

"எக்ஸ்ரேல எலும்பு தெரியும் மாப்ள. எம் மூத்தவ தெரிவாளா?"

சொல்லிவிட்டு மகளின் மணிக்கட்டுகளைப் பிடித்து இறக்கினாள். இழுக்கவில்லை. மெதுவாகத்தான் செய்தாள். தலை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்து, சுற்றத் தொடங்கியது.

நான் மலைச்சாமியைத் தள்ளினேன். அவன் என் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். உடுக்கை வேகமெடுத்தது.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"நூல்காரரே."

என் கால்கள் நின்றுவிட்டன.

கோதை மட்டும் என்னை அப்படிக் கூப்பிடுவாள். நாங்கள் தனியாக இருக்கும்போது, கதவைச் சாத்திய பிறகு. வேறு யார் முன்னாலும் கூப்பிட்டதில்லை.

"வந்துட்டா" என்றார் கோடாங்கி. உடுக்கையைத் தணித்தார்.

அத்தை என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "கேளுங்க மாப்ள. ஒங்களைத்தான் கூப்புடுதா. என்ன வேணும்னு கேளுங்க. நீங்க கேட்டாத்தான் சொல்லுவா."

மலைச்சாமி என்னைப் பிடித்திருக்கவில்லை. எப்போதோ கையை எடுத்துவிட்டான். நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

எட்டு மாதமாக எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. அழவில்லை. சோறு ருசிக்கவில்லை. ஷிஃப்டுக்குப் போனேன், வந்தேன். இப்போது அந்தக் குரலைக் கேட்டதும் வாயில் எச்சில் ஊறியது. பசித்துக் கிடந்தவனுக்கு ஊறுவதுபோல. இன்னொரு வார்த்தை கேட்டால் போதும் என்றிருந்தது. எக்ஸ்ரே உறை கையை விட்டு விழுந்தது தெரியவில்லை.

கேட்டேன்.

"என்ன வேணும் கோதை?"

தலை சுற்றிக்கொண்டிருந்தது. முடி முகத்தை மூடித் திறந்தது.

"நூல்காரரே, இது எம்புட்டு தாங்கும்?"

வலி தாங்காத இரவுகளில் கோதை தன் தலைமுடியில் ஒன்றைப் பிடுங்கி என் முன்னால் நீட்டுவாள். இதே கேள்விதான். மறுநாள் அதை மில்லில் இழுத்துப் பார்த்து வந்து சொல்வேன். "பரவால்லையே, எங்கிட்டயும் உறுதியா ஒண்ணு இருக்கு" என்று சிரிப்பாள்.

நூல் தாங்கும் பலத்தை எங்கள் மெஷின் சொல்வதற்கு அது அறுபட வேண்டும். அறுந்த இடத்தில்தான் முள் நிற்கும்.

அப்போதுதான் கோடாங்கியின் கையைப் பார்த்தேன். உச்சிமுடியை முஷ்டியில் சுற்றியிருந்தார். மறு கையில் சுத்தியல். பல்லிடுக்கில் ஆணி. தலையை மரத்தோடு சேர்க்க இழுத்துக்கொண்டிருந்தார்.

ஓடினேன். சாம்பிராணிப் புகை போட்டிருந்த சட்டி என் காலில் தட்டி உருண்டது. அவள் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் காதுகளின் மேல் வைத்துத் தலையைப் பிடித்தேன். என் முழங்கைகளை அவள் தோள்களில் ஊன்றிக்கொண்டேன். தலை நின்றது.

"முடியை விடுங்க."

ஆணியைத் துப்பினார். "பாதியில தொடுதீரு. அது ஒம்ம மேல ஏறும்."

"ஏறட்டும். முடியை விடுங்க."

விட்டார். உடுக்கை எப்போதோ நின்றிருந்தது. இப்போது ஓடைத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அது வரை கேட்டிருக்கவில்லை.

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "அவளுக்கு எதிர்க்கவே இவளைக் கட்டிப் பிடிக்கீகளே மாப்ள. இனி அவ போவாளா?"

நான் சௌந்தரத்தின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. போனது. வந்தது.

முதலில் வாடைதான் தெரிந்தது. ரப்பர் இல்லை. வேறு வாடை.

உருண்ட சட்டியிலிருந்து ஒரு கங்கு அவள் வலது கால் மேல் விழுந்திருந்தது. பெருவிரலுக்குப் பக்கத்தில். தோல் கறுத்துக்கொண்டிருந்தது. கால் இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு விரல்கூட அசையவில்லை.

கோடாங்கியும் பார்த்துவிட்டார்.

"பாரு ஆத்தா! கங்கு சுடலை. போகலை அவ. உள்ளதான் இருக்கா."

மலைச்சாமி இரண்டடி பின்வாங்கினான். அத்தை அந்தக் காலைப் பார்த்துக் கைகூப்பினாள். சாமி முன்னால் நிற்பதுபோல நின்றாள்.

"அத்தை, அதை எடுங்க. என்னால கையை எடுக்க முடியாது."

"சுடலையே மாப்ள அவளுக்கு."

"சுடுது அத்தை. சுடுறது அவளுக்குத் தெரியலை."

அத்தை அசையவில்லை. நான் தலையை விட்டால் கழுத்து போகும். விடாவிட்டால் கால் எரிகிறது. என் கால் எட்டுமா என்று பார்த்தேன். எட்டவில்லை.

அப்போது என் கைகளுக்கு நடுவிலிருந்து சௌந்தரம் பேசினாள். அவளுடைய சொந்தக் குரல். சின்னதாக.

"அம்மா, என்னம்மா கருகுது?"

அத்தையின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த முகத்தை எழுதத் தெரியவில்லை. குனிந்து, வெறுங்கையால் அந்தக் கங்கை எடுத்தாள். எடுத்ததைப் போடவில்லை. கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். அவளுக்குச் சுட்டது. தோப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

மலைச்சாமி ஓடிவந்து அவள் விரல்களைப் பிரித்துக் கங்கை உதறிவிட்டான். அதன் பிறகு அவன் போலீஸ்காரன் ஆகிவிட்டான்.

"ஏலே கண்ணுச்சாமி! டெம்போ பின்கதவைக் கழட்டுலே!"

"போல்ட் துருப்பிடிச்சுக் கெடக்கு ஏட்டையா" என்றான் டிரைவர்.

"கழட்டுறியா, ஒன்னையக் கழட்டவா?"

கழற்றிய கதவுப் பலகையைக் கொண்டுவந்து அவள் பின்னால் சாய்த்தார்கள். நான் சொல்லச் சொல்ல, ஒரே மூச்சில் படுக்க வைத்தோம். அத்தை தன் முந்தானையைக் கிழித்துத் தந்தாள். நெற்றியையும் இடுப்பையும் முழங்கால்களையும் பலகையோடு சேர்த்துக் கட்டினோம். நெற்றிக் கட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் கையை எடுக்கவில்லை. பலகையோடு குனிந்தபடியே நடந்தேன்.

கோடாங்கி வழியை மறிக்கவில்லை. என் எக்ஸ்ரே உறையை எடுத்துத் தூசியைத் தட்டி டெம்போவில் வைத்தார். "பாத்துக்கிடும்" என்று மட்டும் சொன்னார். சௌந்தரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரா, வேறெதையுமா என்று நான் கேட்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் டெம்போவிலேயே ஏறிப் பார்த்தார். சின்ன வயது. சௌந்தரத்தின் உள்ளங்காலில் பேனா மூடியால் கோடு இழுத்தார். இடது காலில் கட்டைவிரல் லேசாகத் துடித்தது. வலதில் ஒன்றுமில்லை. கையை அமுக்கச் சொன்னார். அமுக்கினாள்.

"இறக்க வேண்டாம். அப்படியே மதுரைக்குக் கொண்டுபோங்க. நான் போன் பண்ணிச் சொல்றேன்." என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

அத்தைதான் சொன்னாள். "எம் மருமகன்."

"கையை எடுக்காதீங்க" என்றார்.

அத்தையின் உள்ளங்கைக்கும் சௌந்தரத்தின் காலுக்கும் கட்டுப் போட்டுவிட்டார்கள். மலைச்சாமி முன்னால் உட்கார்ந்து, எதிரில் வந்த லாரிகளையெல்லாம் வைதுகொண்டிருந்தான். பள்ளம் வரும்போதெல்லாம், "மெல்ல! மெல்லலே!" என்று கண்ணுச்சாமியின் தொடையில் தட்டினான்.

டெம்போ மதுரை ரோட்டில் ஏறியது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"அத்தான்" என்றாள் சௌந்தரம்.

"பேசாதே."

"ஆடுனா வலி போயிரும்னு சொன்னாக. நானும் சரின்னுட்டேன். ஒங்ககிட்டக் கேட்டிருக்கணும்."

"அப்புறம் பேசலாம்."

"காலு நீட்டியிருக்கா, மடங்கியிருக்கா?"

"நீட்டியிருக்கு."

கொஞ்ச நேரம் அவள் டெம்போவின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. நூல்காரர் என்று உனக்கு யார் சொன்னது? நாக்கு நுனி வரை வந்தது. கோதை சொல்லியிருக்கலாம். அக்கா தங்கைக்குள் என்னவெல்லாமோ பேசியிருப்பார்கள். "அக்காதான் ஒரு நாள் சொல்லுச்சு" என்று இவள் சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும். முடிவதில் எனக்கு விருப்பம் இல்லை. கேட்கவில்லை.

"அத்தான்."

"என்ன?"

"ஒங்க கை ரெண்டும் சூடா இருக்கு. மத்த ரெண்டும் சில்லுனு இருக்கு."

அத்தையைப் பார்த்தேன். அவள் கால்மாட்டில், மகளின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமாட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"எடுக்கச் சொல்லிராதீக அத்தான்" என்றாள் சௌந்தரம். "நாலும் இருக்கட்டும். நல்லா இருக்கு."

அத்தை கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் குனிந்து என் கைகளைப் பார்த்தேன். அவை மரத்துப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது. தோளுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் அமுக்குகின்றனவா, சும்மா கிடக்கின்றனவா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாலையில் பெரிய பள்ளம் ஒன்று வந்தது. டெம்போ தூக்கிப் போட்டது. பலகை குதித்தது. நான் ஒரு பக்கமாகச் சரிந்தேன்.

அவள் தலை மட்டும் அசையவில்லை.